கதவில் மூன்று தட்டு

மட்டாஞ்சேரி பஜார் சாலைக்குப் பின்னால், மிளகுக் கிடங்குகளின் முதுகை ஒட்டிப் போகும் சந்தில் வரிசையாகச் சில லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் மூன்றாவது வீட்டுக்காரி பாண்டிச்செல்வி. யாரையும் நம்பாதவள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் ஆகியிருப்பீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஒச்சப்பனைக் கட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தவள். மகனுக்கு மூன்று வயதானபோது, எர்ணாகுளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று கிளம்பின ஒச்சப்பன் போனவன் போனவன்தான். கலூரில் வேறொருத்தியோடு பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். அவள் தேடிப் போகவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கிடங்கில் மிளகு புடைக்க உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடம் ஆயிற்று, இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறாள்.

சந்தில் எல்லாருக்கும் அவள் செல்வியக்கா. கிடங்கில் மற்றப் பெண்கள் புடைத்துக் கொட்டிய மிளகை இன்னொரு தடவை புடைத்துப் பார்ப்பாள். ஒரு கல் அகப்பட்டுவிட்டால் அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். கல் அகப்படாத நாளில் கொஞ்சம் வாட்டமாகவே வீடு திரும்புவாள்.

மகன் ரமேஷ்பாபுவுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டது. அப்போது தமிழ் ஜெபவீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்து அவன் பாயைச் சுற்றி முழங்காலில் நின்றார்கள். பையன் பிழைத்தான். அடுத்த ஞாயிறு அவள் ஜெபவீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறு, அங்கே பாய் விரிக்கிற ஒழுங்கு சரியில்லை என்று மாற்றி விரித்தாள். ஒரே வருடத்தில் ஜெபவீடு அவள் கைக்கு வந்துவிட்டது. பாஸ்டர் பள்ளுருத்தியிலிருந்து ஞாயிறு மட்டும் வந்து போவார். மற்ற ஆறு நாளும் கர்த்தருடைய காரியங்களைச் செல்வியக்காதான் கவனித்துக்கொண்டாள். அவள் ஜெபம் பண்ணுவதைக் கேட்டால், ஆண்டவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, ஒழுங்காகச் செய்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பது போல இருக்கும். அவளுக்கு விசுவாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தான் இல்லாவிட்டால் அவர் என்ன செய்வாரோ என்ற கவலைதான் கூடுதலாக இருந்தது.

சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. யாருக்காவது உயிர்போகிற ஆபத்து என்றால், சபையார் ஆளுக்கொரு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டு, இடைவெளியே விழாமல் ஜெபம் செய்வார்கள். மற்ற இடங்களில் ஒருவர் மணி முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் போடுவார்கள். செல்வியக்காவின் சந்தில் அது நடக்காது. போன் எடுத்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் ஊர்க்கதை வரும் என்பது அவள் கட்சி. அதனால் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். தன் மணி முடிந்தவள் அடுத்தவள் வீட்டுக்குப் போய்க் கதவை மூன்று தடவை தட்ட வேண்டும். உள்ளே இருப்பவள் கதவைத் திறக்கக் கூடாது. "ஸ்தோத்திரம், வாங்கிக்கிட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு முழங்காலில் விழ வேண்டும். தட்டினவள் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். முகம் பார்க்கிற வழக்கமே கிடையாது.

சின்ன வயதில் ரமேஷ்பாபு பள்ளிக்கூடம் விட்டு வந்து வேண்டுமென்றே மூன்று தட்டுத் தட்டுவான். உள்ளே அம்மா "வாங்கிக்கிட்டேன்" என்று பதறி முழங்காலில் விழுவாள். அவன் வெளியே நின்று சிரிப்பான். முதுகில் இரண்டு வைப்பாள். வளர்ந்த பிறகு அவன் ஜெபவீட்டுப் பக்கம் வருவதில்லை. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போனான், வீரலட்சுமியைக் கட்டினான், அம்மாவைப் பார்க்க வரும்போது மட்டும் மறக்காமல் மூன்று தட்டுத் தட்டினான்.

போன கர்க்கடக மாதத்தில், நம் ஆடிக்கணக்கில், ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கலூரில் ஒரு கட்டடத்தில் அவன் நின்றிருந்த சாரத்தின் கயிறு விட்டது. இரண்டாவது மாடி உயரம். எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலையில் அடி, நினைவில்லை. இரண்டு மூன்று நாள் போகட்டும், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

செல்வியக்கா போய், கண்ணாடி வழியாக மகனைப் பார்த்தாள். பத்து நிமிடம் நின்றாள். அழவில்லை. நேரே மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வந்து சபைப் பெண்களைக் கூப்பிட்டாள். அவளோடு சேர்த்து ஏழு பேர்.

"சங்கிலி இன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு ஆரம்பிக்குது. என் புள்ள கண்ணு முழிக்கிற வரைக்கும் நிக்கக் கூடாது. ஒரு மணி அறுந்தாலும் அவன் போயிருவான், தெரிஞ்சுக்கங்க" என்றாள்.

பகல் நேரத்தை ஏழு பேருக்கும் பங்கு வைத்தாள். அன்று ஆறு மணியிலிருந்தும், மறுநாள் முதல் சாயங்காலம் ஐந்திலிருந்தும் விடிகாலை ஆறு வரை முழுக்கத் தானே எடுத்துக்கொண்டாள். இரவில் இவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் என்ன, நிச்சயம்.

அன்று மாலையே வீரலட்சுமி போன் செய்தாள். "அத்தே, நீங்க இங்கேயே வந்துருங்க. தனியா உக்காந்திருக்க எனக்குப் பயமா இருக்கு."

"நான் அங்க வந்து செவத்தையா பாத்துக்கிட்டு உக்காரப் போறேன்? இங்க நான் பிடிக்காட்டி யாரு பிடிப்பா?"

"அவரு பக்கத்துல நீங்க இருந்தா நல்லதுன்னு தோணுது."

"அவன் உசுரே இங்கதான் இருக்கு. போன வை."

அந்த முதல் இரவு அவள் கண்ணை மூடவில்லை. செவ்வாய்க்கிழமை மழை விடவே இல்லை. காயலில் கடல்நீர் பொங்கி ஏறுகிற வேலியேற்றம் வேறு. ஓடைத் தண்ணீர் சந்துக்குள் ஏறிக் கணுக்கால் வரை நின்றது. பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. சந்தில் நடமாட்டமே இல்லை. மணிக்கொரு தரம் மட்டும் ஏதாவது ஒரு கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு, உள்ளிருந்து ஒரு குரல், பிறகு மழை.

மத்தியானம் ஒரு மணிக்கு அவள் கதவு தட்டப்பட்டது. பன்னிரண்டு மணிக்காரி பாக்கியலக்ஷ்மி. மூச்சிளைப்புக்காரி, சந்து முனையில் வரும்போதே அவள் இருமல் கேட்கும். அன்று இருமல் கேட்கவில்லை. தண்ணீரில் கால் வைத்து நடக்கிற சலசலப்பும் இல்லை. செல்வியக்கா "ஸ்தோத்திரம், வாங்கிக்கிட்டேன்" என்றாள். கதவுக்கு அடியில் விரலளவு இடைவெளி உண்டு. அதில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. பதில் சொன்ன பிறகும் அந்த நிழல் போகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது நிழல் இல்லை. ஆள் நடந்து போன சத்தமும் வரவில்லை. இதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஏது நேரம்?

இரண்டாவது இரவும் தூங்கவில்லை. புதன்கிழமை காலையில் கண் சொருக ஆரம்பித்தது. பால் விடாத கட்டன்சாயா போட்டுப் போட்டுக் குடித்தாள். மத்தியானம் ஒரு மணிக்குத் தட்டு வந்தது, வாங்கிக்கொண்டாள், முழங்காலில் நின்று தகரப்பெட்டி மேல் தலையைச் சாய்த்தாள். சாய்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

பள்ளிவாசலின் அசர் பாங்கு சத்தத்தில் விழித்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

அவள் இரண்டு மணிக்குத் தட்டவில்லை. சங்கிலி அறுந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் தண்ணீரில் இறங்கி எதிர்வீட்டுக்கு ஓடினாள். இரண்டு மணிக்காரி பொன்மணியின் வீடு அது. இட்லி மாவு அரைத்து விற்கிறவள், பொய் சொல்லத் தெரியாதவள்.

"பொன்மணி, நான் தூங்கிட்டேன். ரெண்டு மணிக்கு நான் வரல. நான் புள்ளயக் கொன்னுட்டேன்."

பொன்மணி மாவுக் கையோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா சொல்றீங்க? டாண்ணு ரெண்டு மணிக்குத் தட்டுனீங்களே. நான் வாங்கி, மூணு மணிக்கு அடுத்த வீட்லயும் குடுத்துட்டேன்."

"நான் தட்டல."

"மூணு தட்டுக்கா. ஒரே சீரா. கதவுக்கடியில கால் தெரிஞ்சுது. நான் பதில் சொன்ன பொறவும் ரொம்ப நேரம் நின்னீங்க. புள்ளய நெனச்சு அழுறீங்க போலன்னு நானும் விட்டுட்டேன்."

செல்வியக்கா அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னைத் தேற்றுவதற்காகப் பொன்மணி கதை கட்டுகிறாளோ என்று தோன்றியது. பொன்மணியோ மாவுக் கையைக்கூடக் கழுவாமல் படியிறங்கினாள். நேற்றைய தட்டில் பாக்கியலக்ஷ்மியின் இருமல் கேட்காதது அப்போதுதான் செல்வியக்காவுக்கு உறைத்தது. இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள்.

பாக்கியலக்ஷ்மி இவர்களைக் கண்டதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, என்னய மன்னிச்சிருங்க. நேத்தும் நான் வரல, இன்னிக்கும் வரல. மூச்சு முட்டுச்சுன்னு மருந்தக் குடிச்சேன், அப்படியே கெடந்துட்டேன். எந்திரிச்சப்ப ரெண்டு நாளும் மணி ரெண்டாயிருச்சு. உங்க வாய்க்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல."

அப்படியானால் நேற்று ஒரு மணிக்கும் இன்று ஒரு மணிக்கும் தன் கதவைத் தட்டியது யார்? மூன்று பேருமாகச் சேர்ந்து மற்ற நாலு பேரையும் கூப்பிட்டார்கள். ஏழு பெண்களும் செல்வியக்கா வீட்டின் முன்னறையில் ஈரப் புடவையோடு வந்து உட்கார்ந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருத்தி ரேஷன் கடைக்குப் போய் மாட்டிக்கொண்டாள். ஒருத்தி பாயில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இன்னொருத்தி சொன்னதுதான் எல்லாரையும் ஊமையாக்கியது.

"நேத்துக் காலையில நான் அரை மணி நேரம் லேட்டாத்தான் தட்டப் போனேன். போயிப் பாத்தா, அடுத்த வீட்டுக்காரி உள்ள ஏற்கெனவே ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கா. எனக்கே சந்தேகமாப் போச்சு. ஒருவேளை வந்து தட்டிட்டுத்தான் போனேனோன்னு பேசாமத் திரும்பிட்டேன்."

திங்கள் இரவிலிருந்து செல்வியக்கா பிடித்த இரவுகள் போக, பகலில் பாதி மணி யாருமே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு மணிகூடத் தவறாமல் ஒவ்வொரு கதவும் தட்டப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் அவளுக்கு நன்றி பெருகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. முதலில் பயம்தான் வந்தது. பயத்துக்கு அடியில் ஆத்திரம் இருந்தது. சங்கிலி இத்தனை இடத்தில் அறுந்தும் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், அவன் உயிர் இவள் கையில் இருக்கவே இல்லை. இன்றைக்கு மட்டுமல்ல, ஆறு வயதுக் காய்ச்சலிலும் இருந்ததில்லை. இருபத்தாறு வருடமாக அவள் இறுக்கிப் பிடித்திருந்த கைக்குள் ஒன்றுமே இருந்ததில்லை. யாரோ தன்னைக் கொள்ளையடித்துவிட்டது போல இருந்தது.

"இப்ப யாரு மணி?" என்று மெதுவாகக் கேட்டாள் பொன்மணி.

"என்னோடதுதான்" என்றாள் மூலையில் இருந்தவள். "நாலுலருந்து அஞ்சு. நான்தான் இங்க வந்துட்டேனே."

"அஞ்சு மணிக்கு யாருக்குக் குடுக்கணும்?"

ஐந்து மணி செல்வியக்காவுடையது. தட்டு வரவேண்டியது இந்தக் கதவுக்குத்தான். தட்ட வேண்டியவள் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணால் எண்ணிக்கொண்டார்கள். ஏழு பேரும் உள்ளேதான் இருந்தார்கள்.

பாக்கியலக்ஷ்மியின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் கேட்காமல் போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. பலமாக இல்லை. நம் வீட்டு ஆள் தட்டுவது போல, உள்ளே இருப்பவர் எழுந்து வர நேரம் விட்டுத் தட்டுகிற தட்டு. கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல் விழுந்திருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் செல்வியக்கா. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ வருடமாகத் தன்னாலே வாயில் வருகிற அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. நிழல் நின்றது. அவசரப்படாமல் நின்றது. ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. செல்வியக்கா எழுந்தாள். பொன்மணி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். உதறிக்கொண்டு போய்த் தாழை நீக்கினாள். தான் வைத்த முறையைத் தானே மீறிக் கதவைத் திறந்தாள்.

வெளியே யாரும் இல்லை. சந்து இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. தேங்கிய தண்ணீரில் மழைத்துளி விழுகிற வட்டங்களைத் தவிர அசைவில்லை. ஆள் நடந்து போயிருந்தால் அந்தத் தண்ணீர் கலங்கியிருக்க வேண்டும். அவள் குனிந்து படியைப் பார்த்தாள். தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வெட்டுக்கல் படி அது. மூன்று நாளாக மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது. அதில் இரண்டு இடம் மட்டும் காய்ந்திருந்தது. இரண்டு பாதங்களின் அளவில், விரல்கள் தனித்தனியாகத் தெரிய, செங்கல் நிறத்தில். மழைக்கு முந்தியே வந்து, அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றால்தான் அப்படிக் காய்ந்திருக்கும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் மழை விழுந்தது. முதலில் விரல்கள் நனைந்தன, பிறகு குதிகால்.

அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து குடையை எடுத்தாள்.

"எங்கக்கா போறீங்க?" என்றாள் பொன்மணி.

"ஆஸ்பத்திரிக்கு."

"அப்ப உங்க மணி? விடியற வரைக்கும் உங்களோடதுதான?"

செல்வியக்கா திரும்பிப் பார்த்தாள். யாரை வைப்பது, யாரை நம்புவது என்று வழக்கம்போல் கணக்குப் போட மனம் கிளம்பியது. அதை விட்டுவிட்டாள். "தெரியல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்தப் பெண்கள் அதுவரை கேட்டதில்லை. படியில் கால் வைக்கும்போது, பாதங்கள் இருந்த இடத்தை மிதிக்காமல் ஓரமாக இறங்கினாள்.

பஸ் தோப்பும்படிப் பாலத்தில் ஊர்ந்தது. ஜன்னல் ஷட்டரை இறக்கியிருந்ததால் உள்ளே இருட்டாக இருந்தது. மடியில் இரண்டு கையையும் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபிக்கப் பார்த்தாள்; பழைய ஜெபங்கள் எல்லாம் உத்தரவு போடுகிற ஜெபங்களாக இருந்தன. "ஆண்டவரே, என்னால ஆகல" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்து சீட்டுச் சேச்சி இவளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை இந்நேரம் இருக்கிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். அது போல் பயமான ஒன்றை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை.

ஐ.சி.யூ. வாசலில் வீரலட்சுமி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியாரைக் கண்டதும் எழுந்தாள், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். செல்வியக்காவும் மருமகள் மேல் சாய்ந்தாள். தன் பாரத்தை இன்னொரு ஆளின் மேல் போட்டு நிற்பது எப்படி என்று அவள் உடம்புக்கே தெரியவில்லை. கொஞ்சம் தடுமாறி, பிறகு நின்றாள்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு நர்ஸ் வந்து ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். "நீங்க போங்க அத்தே" என்றாள் வீரலட்சுமி.

உள்ளே குளிர்ந்தது. ரமேஷ்பாபு மல்லாந்து கிடந்தான். தலையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய், கண் மூடியிருந்தது. வலது கை கட்டிலின் இரும்புக் கம்பி ஓரமாகக் கிடந்தது. நர்ஸ் பாலக்காட்டுக்காரி, தமிழ் கலந்து பேசினாள்.

"அம்மே, ஒரு காரியம் சொல்லட்டுமா? இந்த விரல் பாருங்க. இடைக்கிடைக்குக் கம்பியில தட்டும். முந்தாநாள் சாயந்தரம் ஆறு மணிக்குத் தொடங்குனது. டாக்டர்கிட்டச் சொன்னேன், ஞரம்பு துடிக்கறதாவும்னாரு. ஆனா நான் மணி பார்த்து எழுதி வெச்சிருக்கேன். மணிக்கொரு தரம்தான். மூணு தடவை. ஒரு மணிகூடத் தப்பல. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாத்திரம் ரொம்ப நேரம் நிறுத்தவே இல்ல. யாரோ பதில் பறையட்டும்னு காத்துக் கிடக்கற மாதிரி. எனக்குப் பயமாயிப்போச்சு."

செல்வியக்கா மகனின் கையைப் பார்த்தாள். பெயின்ட் இன்னும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி ஜெபம் தொடங்கியது இவனுக்குத் தெரியாது. தொடங்கும்போது இவனுக்கு நினைவே இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. பிடிக்கவில்லை. தன் கையை மலர்த்தி, அவன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆள்காட்டி விரல் எழும்பியது. கம்பியில் மூன்று தடவை தட்டியது. ஒரே சீராக, உள்ளே இருப்பவர் எழுந்து வர நேரம் விட்டுத் தட்டுகிற தட்டு.

இது உயிர் வருகிற தட்டா, போகிற தட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அது தன் கையில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. நாக்கு இந்தத் தடவை ஒட்டிக்கொள்ளவில்லை.

"ஸ்தோத்திரம்" என்றாள் செல்வியக்கா. "வாங்கிக்கிட்டேன்."

ரமேஷ்பாபு கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வாய் காய்ந்திருந்தது, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சின்ன வயதில் கதவுக்கு வெளியே நின்று சிரிக்கிற அதே இழுப்பு. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். விடிகாலை ஆறு மணிக்கு அடுத்த வீட்டுக் கதவை யார் தட்டப் போகிறார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை.